காலி ஆஹே

மூக்கு மேலே போக வேண்டுமானால் பட்டி கீழே போக வேண்டும். பட்டி மேலே போனால் மூக்கு கீழே போகும். இதை ஷ்யாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் மேசைக்குக் கீழே எடுத்துப் பார்த்துக்கொள்வான். பார்க்கிற நிமிடம் எல்லாம் தெளிவாக இருக்கும். மடித்து உள்ளே வைத்ததும் அந்தத் தெளிவு சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடும்.

ஆள் ஒன்றும் மந்தமில்லை. கராடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவனுடைய உத்தியோகம். கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி இருந்தால் போதும், டீ குடித்து முடிப்பதற்குள் பிடித்துவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு முழ நீள அலுமினியப் பட்டி எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்று தெரியாமல் 2005ஆம் வருட மழைக்காலத்தை முழுக்கத் தொலைத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவன் சொல்லவில்லை.

விமானம் அவன் மனைவி கிருஷ்ணப்ரியாவுடையது. பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வாங்கி நாமே பூட்டிக்கொள்கிற ஜாதி, இரண்டு பேர் உட்காரலாம், இறக்கைக்குத் துணி போர்த்தியிருக்கும். யாரோ ஆரம்பித்துப் பாதியில் வெறுத்துப்போய் விற்றதை வாங்கி, ஊரைவிட்டு வெளியே, நகர் ரோட்டில் ஷிக்ராபூரையும் தாண்டி ஒரு வெங்காயத் தோட்டத்துக்காரரின் தகரக் கொட்டகையில் வைத்து, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி இருவரும் முடித்தார்கள். அவள் கோயம்புத்தூரில் கல்லூரி நாட்களிலேயே பறக்கக் கற்றவள். ஷ்யாம் சென்னைக்காரன். விமான் நகர் வீட்டில் மூன்றாவது மாடி பால்கனியில் துணி உலர்த்துவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்கிறவன். ஸ்க்ரூ முடுக்குவான், இறக்கைத் துணி விறைப்பாக நிற்க டோப் என்கிற பசையைப் பூசுவான், இன்ஜின் ஆயில் மாற்றுவான். ஏறமாட்டான்.

விமானம் நன்றாகத்தான் பறந்தது. ஒரே ஒரு குறை. மேலே போனதும் மூக்கைத் தாழ்த்திக்கொண்டே இருக்கும். பைலட், விமானத்தை ஏற்றி இறக்குகிற கட்டையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நேராகப் போகும். வேறு யாராவது என்றால் முணுமுணுத்துக்கொண்டு பழகியிருப்பார்கள். ஆனால் கிருஷ்ணப்ரியா போன வருடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது தோள் எலும்பை முறித்துக்கொண்டவள். எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் அவளால் இழுத்துப் பிடிக்க முடியாது. அதனால் கொட்டகைக்கு மேலேயே நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கிவிடுவாள். இப்படியே போனால் விற்றுவிடலாம் என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு அன்று இரவு சாப்பிடவில்லை.

இதற்கு மருந்துதான் டிரிம். வாலில் மேலும் கீழும் ஆடுகிற பெரிய பலகையின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியைக் கீல் வைத்துத் தொங்கவிட வேண்டும். சீட்டுக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு கைப்பிடி. பட்டியைக் கீழே மடக்கினால் காற்று அதில் மோதிப் பெரிய பலகையை மேலே தள்ளும். வால் தாழும், மூக்கு நிமிரும். கை செய்த வேலையைக் காற்று செய்யும். தோளுக்கு ஓய்வு.

டிரிம் வந்துவிட்டால் கிழக்கே தெரிகிற மலையைத் தாண்டிப் போவேன் என்று கிருஷ்ணப்ரியா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரி இருக்கிறதாம். போய்வர அரை மணி நேரம். அவர்களிடம் இருந்த வாக்கிடாக்கி மலை வரைக்கும்தான் கேட்கும்.

முதல் தடவை ஷ்யாம் பட்டியைப் பூட்டியபோது அவள் கைப்பிடியைப் பின்னால் இழுத்துவிட்டு, இறங்கி நடந்து வால் பக்கம் போய்ப் பார்த்தாள். பட்டி மேலே தூக்கிக்கொண்டிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்லா வேலை பண்ணிருக்கே போ. இத இழுத்தா நான் நேரா வெங்காயத்துக்குள்ளதான் போவேன்” என்றாள். அவனும் சிரித்தான். மூக்கு மேலே போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பட்டியையும் மேலே போக வைத்துவிட்டான். யாருக்கும் வருகிற குழப்பம்தான்.

இரண்டாம் தடவை, பட்டியில் கம்பி மாட்டுகிற கொம்பை மேற்புறத்திலிருந்து கீழ்ப்புறத்துக்கு மாற்றினான். அது சரி. பிறகு சந்தேகம் வந்து, கைப்பிடியின் கீழ்முனையில் இருந்த கம்பியை மேல்முனைக்கு மாற்றினான். தனியாகப் பார்த்தால் அதுவும் சரிதான். இரண்டு சரியும் சேர்ந்து பட்டி பழையபடி மேலே போனது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. வாலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“ஏனுங்க ஷ்யாம், இத முடிக்கோணும்னு உங்களுக்கு மனசு இருக்குதுங்களா?”

கிருஷ்ணப்ரியாவுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நீ, வா, போ. கோபத்தில் கொங்கு நாட்டு மரியாதை முழுதும் வந்து இறங்கும். கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் ஷ்யாம் அதை அதிகம் கேட்டதில்லை.

மனசு இருக்கிறது என்று சொன்னான். சொல்லிவிட்டுத் தனக்குள்ளேயே அதைத் திருப்பிப் பார்த்தான். அவனுக்குப் பயம். சுற்றி வளைக்க இதில் ஒன்றுமில்லை. அவள் கொட்டகைக்கு மேலே சுற்றுகிற பன்னிரண்டு நிமிடமும் அவன் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பான். கண்ணுக்குத் தெரிகிறவரை தாங்கிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத அரை மணி நேரத்தை எப்படி நின்று கழிப்பது? அந்த அரை மணி நேரத்தைத் தன் கையாலேயே ஆணி அடித்து, கம்பி இழுத்துச் செய்துகொண்டிருக்கிறான். அதனால்தான் கை தப்பாகப் போகிறதா? இல்லை, நிஜமாகவே மேல் எது கீழ் எது என்று தலை குழம்பிவிட்டதா? அவனுக்குத் தெரியவில்லை. தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பிடிபடவில்லை.

மூன்றாம் தடவை தன்னையே நம்பாமல், அவனே போய் நீலாவை அழைத்துவந்தான்.

நீலாவுக்குச் சாங்வியில் தகரப் பட்டறை. ஏர்கூலர் பெட்டி, டெம்போ பாடி, ஹோட்டல் புகைபோக்கி எல்லாம் செய்வார். விமானத்தின் இன்ஜின் மூடியை அடித்துக்கொடுத்ததும் அவர்தான். எல்லாரும் நீலாதாயி என்பார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. ஷ்யாம் முதல் ஆறு மாதம் அதைத் தாய் என்றே நினைத்து, தன்னைவிட நாலு வயதே மூத்த பெண்மணியிடம் அதற்கேற்ற பணிவைக் காட்டிக்கொண்டிருந்தான். அவருக்கு மராத்தி மட்டும்தான் சரளம். ஹிந்தி பாதி வரும். ஷ்யாமுக்கும் ஹிந்தி பாதிதான். இரண்டு பாதியும் ஒரே பாதியாக இருந்தது துரதிர்ஷ்டம்.

நீலா ஷ்யாம் செய்த கம்பி வேலையை ஒரு நிமிடம் பார்த்தார். கழற்றிப் போட்டார். டெம்போவில் சோக் இழுக்கிற விறைப்பான கேபிள் ஒன்றை எடுத்து வாலுக்குள் விட்டார். பட்டியையும் புதிதாக வெட்டி, தூரத்திலிருந்து தெரியட்டும் என்று சிவப்புப் பெயிண்ட் அடித்தார். பிறகு ஷ்யாமைச் சீட்டில் உட்காரவைத்து, கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளச் சொல்லிவிட்டு வால் பக்கம் போய் நின்றார். அவன் தள்ளும்போது “வர்” என்று குரல் வரும். இழுக்கும்போது “காலி” என்று வரும். வர் என்றால் மேலே, காலி என்றால் கீழே. ஒரு மத்தியானம் முழுக்க, வர், காலி, வர், காலி. ஷ்யாம் மறக்காமல் இருக்கட்டும் என்று அதையும் அந்தக் காகிதத்தில் எழுதிக்கொண்டான்.

நீலாவுக்கு ஒரே ஒரு கவலைதான் பாக்கி இருந்தது. தரையில் பட்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. மேலே காற்று வேகமாக மோதும்போது கேபிள் வழுக்கிப் பட்டி பழையபடி மேலே எழும்பிவிட்டால்? பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் வந்து, பட்டியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்துத் திருப்தியாகத்தான் போனார். இருந்தாலும் கண்ணால் பார்க்கிறவரை ஒப்பமாட்டேன் என்று நீலா அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் காரில் ஏறிக்கொண்டார்.

அக்டோபர் மாதக் காலை. மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஷ்யாம்தான் பெட்ரோல் ஊற்றினான், இருபது லிட்டர். தொட்டிக்கு அடியில் இருக்கிற சின்னக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. குழாயை மூடினான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தான். கிருஷ்ணப்ரியா ஓடி எழும்பினாள்.

இரண்டு சுற்று முடிந்ததும் வாக்கிடாக்கியில் அவள் குரல் வந்தது. கைப்பிடியை இழுத்துவிட்டாளாம், கை லேசாகிறதாம். தாயி பார்க்கட்டும், தாழ்வாக ஒரு தடவை வருகிறேன் என்றாள். சொன்னபடியே தென்னை மர உயரத்தில் அவர்கள் தலைக்கு நேரே கடந்து போனாள். நீலா நெற்றியில் கையை வைத்து வாலையே பார்த்தார்.

“காலி ஆஹே” என்றார்.

ஷ்யாமுக்குக் காதில் விழுந்தது தமிழ். காலி. பெட்ரோல் காலி. அந்தக் குழாய்! திறந்தோமே, மூடினோமா? மூடினது போன வாரமா இந்த வாரமா? கண்ணாடிக் குப்பி ஞாபகம் இருந்தது, அதிலிருந்த பெட்ரோலின் நிறம் ஞாபகம் இருந்தது, குழாயை முடுக்கிய விரல் மட்டும் ஞாபகத்தில் இல்லை. அந்தப் பெண்மணிக்கு ஒழுகுவது தெரிந்திருக்கிறது. கீழே நின்றே பார்த்துவிட்டார். நீலாவின் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். ஷ்யாம் பார்க்கவில்லை.

“ப்ரியா, டேங்க் காலி. இறங்கிடு. சுத்தாத, அப்படியே இறங்கு.”

பெட்ரோல் அளவு காட்டுகிற கண்ணாடிக் குழல் சீட்டுக்குப் பின்னால் வலது பக்கம் இருந்தது. அந்தத் தோளை வைத்துக்கொண்டு அவளால் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்கவும் நேரமில்லை. பெட்ரோல் ஊற்றியவன் சொல்கிறான். அவள் நம்பினாள். வழக்கமாகச் சுற்றிவந்து காற்றுக்கு எதிராக இறங்குகிறவள், அப்படியே திரும்பி, காற்று முதுகில் தள்ளத் தள்ளத் தப்பான பக்கத்திலிருந்து இறங்கினாள். சக்கரம் தரையைத் தொட்டு எகிறியது. மறுபடி தொட்டு மறுபடி எகிறியது. மண் ஓடுபாதையின் முடிவில் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த எல்லைக் கற்களைத் தாண்டி, வெங்காயப் பாத்திகளில் இரண்டை உழுதுவிட்டு, பாசன வாய்க்காலுக்கு நாலடி முன்னால் நின்றது.

ஷ்யாம் ஓடினான். பின்னாலேயே நீலா ஓடிவந்தார். இன்ஜின் நின்றிருந்தது. கிருஷ்ணப்ரியா சீட்டில் உட்கார்ந்தபடியே உடம்பு முழுவதையும் திருப்பிக் கண்ணாடிக் குழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழலில் பெட்ரோல் முக்கால் அளவுக்கு நின்றது.

யார் காலி என்று சொன்னது என்று கேட்டாள். ஷ்யாம் நீலாவைக் காட்டினான். நீலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஆயிற்று, ஏன் இப்படி இறங்கினாள் என்று அவர் மராத்தியில் கேட்டார். ஷ்யாம் தொட்டியைக் காட்டினான். நீலா தலையை ஆட்டி மறுத்து, வாலுக்குப் போய்ச் சிவப்புப் பட்டியைத் தட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் கவிழ்த்துக் காட்டினார். காலி ஆஹே. பட்டி கீழே இருக்கிறது, காற்றுக்கு அசையாமல் அப்படியே நிற்கிறது. அதைத்தான் சந்தோஷமாகச் சொன்னேன் என்றார்.

கிருஷ்ணப்ரியா இறங்கினாள். வலது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். எகிறியபோது தோள் எங்கோ இடித்திருக்க வேண்டும். இடது கையை நீட்டி அவன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஒற்றைக் கையாலேயே உதறிப் பிரித்தாள். அது அங்கேதான் இருக்கும் என்று அவளுக்கு மூன்று மாதமாகத் தெரியும்.

“வர், மேலே. காலி, கீழே.” படித்துவிட்டுக் காகிதத்தை அவன் பக்கம் திருப்பினாள். “இது உங்க கையெழுத்துத்தானுங்களே?”

அவன் கையெழுத்துத்தான். அடிக்கோடு வேறு போட்டிருந்தான். பஸ்ஸில் கண்டக்டர் தினமும் காலி உத்ரா, காலி உத்ரா என்று கத்தித்தான் அவனை இறக்கிவிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை இதே நீலாவின் வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறான். இவ்வளவையும் தாண்டி அந்த ஒரு நொடியில் அந்த வார்த்தை எப்படித் தமிழாக வந்து விழுந்தது? ஷ்யாம் பதில் தேடினான். மன்னிப்புக் கேட்டால் வேண்டுமென்று செய்ததாக ஆகும். தப்பாகக் கேட்டுவிட்டது என்றால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

“எனக்கு நிஜமாவே பெட்ரோல்னுதான் கேட்டுது ப்ரியா” என்றான். “ஆனா ஏன் அப்படிக் கேட்டுதுன்னு தெரியல. நீ கீழ வந்துடணும்னு நெனச்சிட்டே இருந்தேனா, அதனால கேட்டுதா... எனக்கே தெரியல.”

வெங்காயத் தாள் நசுங்கிய வாசனை காற்றில் நிறைந்திருந்தது. நீலா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி விஷயத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று முடிவு செய்தவர் போல் சக்கரத்தைக் குனிந்து பார்க்கப் போனார்.

“வாய்க்காலுக்கு நாலடிதான் இருந்துச்சு” என்றாள் கிருஷ்ணப்ரியா. ஷ்யாம் தலையைக் குனிந்துகொண்டான்.

மூவரும் வாலைத் தூக்கி விமானத்தைத் திருப்பிக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சக்கரம், அச்சு, புரொப்பெல்லர், துணி என்று ஒவ்வொன்றாக நீலாவும் கிருஷ்ணப்ரியாவும் தட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. எதற்கும் சேதமில்லை. ஷ்யாம் கேட்காமலே குழாய் முடுக்கியிருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தான். முடுக்கித்தான் இருந்தது, காலையிலிருந்தே. சக்கரத்துக்குக் கல்லை வைத்தான். அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று நினைத்தான். நினைத்ததும் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

கிருஷ்ணப்ரியா தோளை மெதுவாக முன்னும் பின்னும் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் பூட்டினாள்.

“மலைக்கு அந்தப் பக்கம் போறேன். அரை மணி நேரம். அங்க ரேடியோ கேக்காது. நீ என்ன சொன்னாலும் எனக்கு வராது, நான் சொன்னாலும் உனக்கு வராது.” கொஞ்சம் நிறுத்தினாள். “கல்லை எடு ஷ்யாம்.”

நீ என்றாள், உனக்கு என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் குனிந்தான். கல் காலையில் இருந்த அதே கல்தான். எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு விலகி நின்றான்.

விமானம் இந்தத் தடவை காற்றுக்கு எதிராக ஒழுங்காக ஓடி எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே திரும்பியது. சிவப்புப் பட்டி சிறுத்துச் சிறுத்துக் கண்ணுக்குப் பிடிபடாமல் போனது. மலையை நெருங்கும்போது வாக்கிடாக்கி கரகரத்தது.

“ரெண்டு கையையும் எடுத்துட்டேன் ஷ்யாம். தானாப் போகுது. வலியே இல்ல.”

நல்லது என்று சொல்ல அவன் பட்டனை அழுத்தினான். சொன்னானா என்று தெரியாது. சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. புள்ளி மலைமுகட்டைத் தொட்டது, இல்லாமல் போனது. வாக்கிடாக்கியில் வெறும் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

நீலா கொட்டகை நிழலில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். தெரிகிறதா என்று அங்கிருந்தே கேட்டார். ஷ்யாம் வானத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பார்த்தான். பருந்து கூட இல்லை.

“காலி” என்றான்.

நீலா டப்பாவைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தார். கீழேயா, எங்கே, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பதறிப்போய் மலையடிவாரத்தைத் தேடினார். ஷ்யாம் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். வானத்தைக் காட்டி, விரல்களை விரித்து, அங்கே ஒன்றுமே இல்லை என்று சைகையால் சொல்லப் பார்த்தான். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, கீழே சிதறிய ரொட்டியில் மண் படாத ஒன்றைப் பொறுக்கி அவன் கையில் வைத்தார்.

ஷ்யாம் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் மலைக்கு அந்தப் பக்கம் போய் நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.